சென்சார் சுத்தம் செய்யக் கொடுக்கிறீர்களா? 'பின்' படத்தின் அபெர்ச்சரைப் பாருங்கள்

கேமராவைச் சென்சார் (கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லு) சுத்தத்துக்குக் கொடுத்துவிட்டு, கடையில் காட்டும் 'முன்', 'பின்' படங்களைப் பார்த்துத் திருப்தியோடு பணம் கட்டிவிட்டு வருகிற எல்லாருக்கும் இந்தப் பதிவு. எனக்குக் காட்டிய 'முன்' படம் எஃப் 22-இல் எடுத்தது. 'பின்' படம் எஃப் 4-இல் எடுத்தது. எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பான அபெர்ச்சரின் அளவு, எண் கூடினால் திறப்பு சுருங்கும். மொத்த ஏமாற்றும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. சென்சாரைத் தொடாமலே விட்டிருந்தாலும் அந்த இரண்டாவது படம் பளிச்சென்றுதான் வந்திருக்கும்.

ஏன் அப்படி என்று சொல்லிவிடுகிறேன். தூசு நேராகச் சென்சார் மேல் படிவதில்லை. சென்சாருக்கு முன்னால் ஃபில்டர் கண்ணாடி இருக்கிறது, அதன் மேல்தான் படிகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அபெர்ச்சர் அகலமாகத் திறந்திருந்தால் ஒளி பல கோணங்களில் வந்து தூசைச் சுற்றிப் போய்விடும், நிழல் கரைந்துவிடும். எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கும்போது ஒளி ஏறக்குறைய ஒரே திசையில் வருவதால் அதே தூசு கறுப்புப் புள்ளியாக விழும். எஃப் 2.8-இல் முகங்களை எடுக்கிறவர் மாதக்கணக்கில் கவனிக்காத தூசு, நிலக்காட்சி எடுக்கிறவரின் வானத்தில் முதல் படத்திலேயே தெரிந்துவிடும். சென்சார் துடைப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. அதனால்தான் இதைக் கைத்தவறு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

என் படங்களில் வானத்தின் மேல் பகுதியில் இரண்டு வகைப் புள்ளிகள் இருந்தன. சில கோணல்மாணலாக, நூல் போல. அவை தூசும் இழையும். ரப்பர் ப்ளோயரால் ஊதியதும் போய்விட்டன. மற்றவை வட்டமாக, ஓரம் கறுத்து நடுவில் கொஞ்சம் வெளுத்து இருந்தன. அது எண்ணெய். சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டர் போன்ற நகரும் பாகங்களில் இருக்கும் மசகு சின்னச் சின்னத் துளியாகத் தெறித்து ஒட்டிக்கொள்கிறது. ஊதினால் நகராது. கேமராவுக்குள்ளேயே இருக்கும் அதிர்வுச் சுத்தமும் இதை அசைக்காது. 2003-இல் ஒலிம்பஸ் இ-1 கேமராவில் வந்த அந்த ஏற்பாடு இன்று நிறைய கேமராக்களில் இருக்கிறது. உதிரக்கூடிய காய்ந்த தூசுக்குத்தான் அது. எண்ணெய்க்கு ஈரத் துடைப்பு வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

கொடுக்கும்போதே ஒன்று நடந்தது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் என் படத்தைத் திறந்து, கான்ட்ராஸ்டைக் கண்டபடி ஏற்றி, "சார், சென்சாரே போயிடுச்சு, மாத்தணும்" என்றார். கான்ட்ராஸ்டை அந்த அளவுக்கு ஏற்றினால் புதுக் கேமராவில்கூட ஏதாவது தெரியும். வேண்டாம், துடைத்தால் போதும் என்றேன். உடனே லென்ஸைக் கழற்றி, ஃபில்டர் கண்ணாடியின் மேல் விளிம்பில் இருந்த ஒரு துகளைக் காட்டி, "இதுதான் உங்க வானத்துல தெரியற புள்ளி" என்றார். அது தவறு. லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாகத்தான் சென்சாரில் விழச் செய்கிறது. படத்தில் மேலே இடது பக்கம் தெரிகிற புள்ளி, கேமராவை நமக்கு எதிரே நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் கீழே இடது பக்கம் இருக்கும். அதைச் சொன்னதும், "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்று பேச்சை மாற்றினார். வேலை விவரம் எழுதிய சீட்டு கேட்டேன், அது கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார்கள்.

மாலையில் இரண்டு படங்களும் வாட்ஸ்அப்பில் வந்தன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எக்ஸிஃப் விவரங்கள், அதாவது எப்படி எடுத்தது என்று கேமரா ஃபைலிலேயே பதியும் குறிப்புகள், போய்விடும். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளி உணர்வின் அளவு), அபெர்ச்சர் எதுவும் மிஞ்சாது. ஆனால் அவர்கள் அந்தப் படங்களை என் கார்டிலேயே எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து அசல் ஃபைலைத் திறந்ததும் எஃப் 22, எஃப் 4 இரண்டும் அப்படியே வெளிச்சத்துக்கு வந்தன.

உடனே நானே சோதித்தேன். குறைந்த ஐஎஸ்ஓ, எஃப் 22, ஃபோகஸை முழுக்கக் கலைத்துவிட்டு ஒரு வெள்ளைச் சுவர். எஃப் 22-இல் படத்தின் கூர்மை கொஞ்சம் குறையும்தான், புள்ளி தேடுவதற்கு அது ஒரு பொருட்டே இல்லை. வட்டப் புள்ளிகள் பெரும்பாலும் அதே இடத்தில் இருந்தன. அவற்றைச் சுற்றி இழுத்துத் தேய்த்த மாதிரி ஒரு மங்கல். அதோடு, முன்பு இல்லாத ஒரு மெல்லிய கோடு. லென்ஸை மாற்றினேன், கோடு அசையவில்லை. ஊதினேன், அசையவில்லை.

இங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. புள்ளிகளை இன்னொருவரிடம் கொடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். கீறலை என்ன செய்வது? ஈரத் துடைப்பில் முதல் வேலை, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து நன்றாக ஊதித் துகள்களை வெளியேற்றுவது. அதைச் செய்யாமல் ஸ்வாப்பை (சென்சார் துடைக்கும் தட்டைக் குச்சி) இழுத்தால், ஒட்டியிருக்கும் மண்துகள் கண்ணாடியின் பூச்சில் கோடு போட்டுவிடும். ஸ்வாப்பின் அகலமும் சென்சாருக்குப் பொருந்த வேண்டும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர் என்பதால் 24 மில்லிமீட்டர் ஸ்வாப், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 16 மில்லிமீட்டர் அளவில். திரவம் ஓரிரு துளிதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு, மறுபக்கத்தைத் திருப்பித் திரும்ப ஒரு இழுப்பு, அப்புறம் அந்த ஸ்வாப் குப்பைக்கு. இழுத்த ஸ்வாப்பையே மறுபடியும் இழுப்பது என்பது, எடுத்த துகளைத் திரும்பக் கொண்டுபோய்த் தேய்ப்பது. அந்தக் கடை மேசையில் நான் பார்த்தது சாதாரணக் காது குடையும் பஞ்சுக் குச்சியும், அழுத்தக் காற்று டப்பாவும். அந்த டப்பாவைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளே இருக்கும் திரவமே கண்ணாடி மேல் பீய்ச்சிவிடும்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "கோடு முன்னாடியே இருந்தது சார்" என்றார்கள். கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் நான் எடுத்து வைத்திருந்த எஃப் 22 சுவர்ப் படத்தைக் காட்டினேன். அதில் கோடு இல்லை. அவர்களே எடுத்த 'முன்' படத்திலும் இல்லை. அதற்கு வந்த பதில்: "சாஃப்ட்வேர் பிரச்சினையா இருக்கும்."

கேமரா கம்பெனியின் சர்வீஸ் மையத்தில் உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, ஃபில்டர் கண்ணாடியின் பூச்சில் கீறல், காய்ந்த துடைப்பின் தடம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் மாடலில் அந்தக் கண்ணாடியை மட்டும் தனியாக மாற்ற முடியாதாம், சென்சார் தொகுதியையே மாற்ற வேண்டும். எது தேவையில்லை என்று முதல் நாள் மறுத்தேனோ, அதை அந்தக் கடைக்காரர்களே தேவையாக்கிவிட்டார்கள்.

எண்ணெய்ப் புள்ளி வந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி ஷட்டரைப் பற்றியது. இதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. 2012-இல் வந்த நிக்கான் டி600-இல் இப்படிப் புள்ளிகள் விழுகின்றன என்று நிறையப் புகார்கள் வந்தன. 2013-இல் புது ஷட்டரோடு டி610 வந்தது. 2014-இல், வாரண்டி முடிந்த டி600-களுக்கும் சேர்த்து, இலவசமாகப் பரிசோதித்துச் சுத்தம் செய்து ஷட்டரை மாற்றித் தருவதாக அந்த நிறுவனமே அறிவித்தது. அதனால் பணம் கொடுத்து எதையும் மாற்றுவதற்கு முன்னால், உங்கள் மாடலுக்கு அப்படி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று கம்பெனியின் பக்கத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஒழுங்காக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் கண்முன்னே, உங்கள் கார்டில், ஒரே லென்ஸில், ஒரே அபெர்ச்சரில் முன்னும் பின்னும் எடுத்துக் காட்டுவார்கள். எஃப் 22 என்று கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். எலக்ட்ரானிக் இணைப்பு இல்லாத பழைய மேனுவல் லென்ஸை மாட்டி எடுத்தால் அபெர்ச்சர் ஃபைலில் பதிவாகாது, அதனால் உங்கள் லென்ஸிலேயே எடுக்கச் சொல்லுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். துடைக்கும் நடுவில் சார்ஜ் தீர்ந்து, டிஎஸ்எல்ஆர் கேமராவில் மேலே தூக்கி நிற்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியும் ஷட்டரும் ஸ்வாப் மேல் விழுந்தால் அது இன்னொரு செலவு.

சர்வீஸ் மையத்தின் எழுத்தையும், அந்த இரண்டு அசல் ஃபைல்களையும், என்னுடைய சுவர்ப் படங்களையும் சேர்த்துக் கடைக்கு அனுப்பினேன். பதில் நின்றுபோனது. நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை. நீங்கள் அண்மையில் எங்காவது சுத்தம் செய்து வாங்கியிருந்தால், கார்டை ஃபார்மேட் செய்வதற்கு முன்னால் அவர்கள் எடுத்த படங்களைத் தனியாகக் காப்பி எடுத்து வைத்துவிட்டு, ஒரு வெள்ளைச் சுவரை எஃப் 22-இல் எடுத்துப் பாருங்கள். கோடு ஏதாவது தெரிந்தால் நீங்களாக இன்னொரு ஸ்வாப் போட்டுவிடாதீர்கள். அப்புறம் அந்தக் கீறல் உங்கள் கையால் வந்தது என்று சொல்லிவிடுவார்கள்.