"லைஃப்டைம் 365" என்று விற்றால் வாங்காதீர்கள்

சேலத்தில் ஆபீஸ் சாஃப்ட்வேர் மாற்ற நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். "மைக்ரோசாஃப்ட் 365 லைஃப்டைம், ஒரே தடவை பணம் கட்டினால் போதும்" என்று நாலு ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எங்கள் தலையில் கட்டினார்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது. 365 என்பது மாதமோ வருடமோ கட்டிக்கொண்டே இருக்க வேண்டிய சந்தா. ஒரே தடவை பணம் கட்டி வாங்குவது வேறு, அதன் பெயர் ஆபீஸ் 2024. இரண்டையும் குழப்பி விற்பதில்தான் மோசடியே இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். யாரிடம் எத்தனை கிராம் வெள்ளி நிற்கிறது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு எல்லாமே எக்ஸெலில்தான். மூன்று சிஸ்டத்திலும் ஆபீஸ் 2016 இருந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதை வைத்தே கடைக்காரர் ஆரம்பித்தார். "மேடம், இனிமே உங்க எக்ஸெல் திறக்கவே திறக்காதுங்க, ஃபைல் எல்லாம் போயிரும்." இது பொய். ஆதரவு நின்றாலும் பழைய ஆபீஸ் ஓடும். பாதுகாப்பு அப்டேட் மட்டும் வராது. மாற்றுவது நல்லதுதான், ஆனால் அன்றைக்கே மாற்றியாக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

பட்டியலில் ஒரு பெயரைத் தேடி அதற்கு நேரான விவரத்தை எடுத்துத் தரும் எக்ஸ்லுக்கப் ஃபார்முலா வேண்டும் என்று கேட்டதற்கு, அது 365-இல் மட்டும்தான் வரும் என்றார். அதுவும் பொய். 2016, 2019-இல்தான் அது கிடையாது. 2021-இலும் 2024-இலும் இருக்கிறது.

சிஸ்டத்துக்கு 2,500 ரூபாய் வாங்கினார்கள். பையன் ஒருவர் ஆபீசுக்கு வந்து, அவர்களே உருவாக்கிய ஒரு யூசர் ஐடியையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே நுழைந்து, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவையும் இணைத்துவிட்டுப் போனார். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் இரண்டும் அதற்குள் போய்விட்டன. கேட்டதற்கு, "பேக்கப்புங்க மேடம், நல்லதுக்குத்தான்" என்றார். பில்லில் சாஃப்ட்வேர் பெயரே இல்லை, "சர்வீஸ் சார்ஜ்" என்று மட்டும் எழுதியிருந்தது.

சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான 3பி தாக்கல் செய்ய வேண்டிய 20-ஆம் தேதி நெருங்கும் நேரத்தில், மூன்று சிஸ்டத்திலும் எக்ஸெல் மேலே ஒரு பட்டை வந்து நின்றது. பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், ஒரு எழுத்து மாற்ற முடியாது. அதைவிடக் கொடுமை, பல ஃபைல்கள் திறக்கவே இல்லை. இடம் மிச்சப்படுத்த ஒன்டிரைவ் சில ஃபைல்களின் பெயரை மட்டும் கம்ப்யூட்டரில் காட்டிவிட்டு, உள்ளடக்கத்தை இணையத்தில் வைத்துக்கொள்ளும். கணக்கு முடங்கினால் நம்மிடம் மிஞ்சுவது வெறும் பெயர்தான். பட்டறைக்காரர்களின் எடைக் கணக்கைப் பேப்பர் நோட்டுகளிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. என்னிடம் வேலை செய்யும் பெண்கள் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்தார்கள். கடையில் முதலில், "கம்பெனி பாலிசி மாறிருச்சு, திரும்பப் பணம் கட்டுங்க" என்றார்கள். அப்புறம் போனே எடுக்கவில்லை.

நடந்தது இதுதான். ஏதோ ஒரு கல்லூரியோ நிறுவனமோ வைத்திருக்கும் மொத்தச் சந்தாவுக்குள் நமக்கு ஒரு யூசர் ஐடி போட்டு விற்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர் வீட்டின் ஓர் அறையைச் சொந்தம் என்று கிரயம் பேசியது போல. அந்தச் சந்தாவை நிர்வகிக்கும் உண்மையான அட்மின் கவனித்து நீக்கினால் நம் கணக்கு போயிற்று. பணத்தை விட எனக்குப் பதறுவது வேறு. அந்த அட்மின் நம் பாஸ்வேர்டை மாற்றலாம், நம் ஒன்டிரைவைத் திறந்து பார்க்கலாம். வாடிக்கையாளர்களின் பான் எண், வங்கி விவரம், யாரிடம் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்ற விவரம், எல்லாம் முகம் தெரியாத ஒருவரின் கையில் இத்தனை மாதம் இருந்திருக்கிறது. இதை ஒவ்வொரு பட்டறைக்காரரிடமும் நேரில் போய்ச் சொன்னேன்.

உங்கள் சிஸ்டத்தில் எக்ஸெலைத் திறந்து, ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் என்பதைப் பாருங்கள். ஒரே தடவை வாங்கியதாகச் சொன்ன இடத்தில் "சப்ஸ்கிரிப்ஷன் ப்ராடக்ட்" என்று இருந்தாலோ, யூசர் ஐடி "ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம்" என்று முடிந்து, அதை நீங்கள் உருவாக்கவில்லை என்றாலோ, எங்களுக்கு நடந்ததுதான் உங்களுக்கும்.

நான் இப்போது ஆபீஸ் ஹோம் அண்ட் பிசினஸ் 2024 வாங்கியிருக்கிறேன், என் சொந்த மெயில் ஐடியில். ஒரு லைசென்ஸ் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான், அதனால் செலவு அதிகம். ஆனால் 2029 அக்டோபர் 9 வரை அப்டேட் வரும், அதன் பிறகும் ஓடும். பெயரில் "பிசினஸ்" இருக்கிறதா என்று பாருங்கள், தொழிலுக்குப் பயன்படுத்தும் உரிமை அதில்தான் வருகிறது. 2021 பெட்டியைக் குறைந்த விலைக்குத் தந்தால் வேண்டாம், அதன் ஆதரவு 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். ஒரே ஃபைலைப் பலர் பல ஊரிலிருந்து திருத்துகிறீர்கள் என்றால் சந்தாதான் சரி, அதையும் உங்கள் பெயரிலேயே கட்டுங்கள். கடிதமும் சாதாரணக் கணக்கும் மட்டும் என்றால் லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழிலும் வருகிறது. எக்ஸெல் மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள், வைத்திருப்பவர்கள் மட்டும் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். "தொழிலுக்கு வாங்கினா கன்ஸ்யூமர் கேஸ் நிக்காதுங்க" என்று கடைக்காரர் வேறொருவர் மூலம் சொல்லி அனுப்பினார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென வாங்கியதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. 5 லட்சம் வரையான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பில், வாட்ஸ்அப் பேச்சு, பட்டை வந்த ஸ்க்ரீனின் போட்டோ மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட கணக்கு உங்களிடம் இருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், இப்போதைக்கு. கேட்ட மறுநிமிடம் அவர் கணக்கை நீக்கிவிடலாம். முதலில் ஒன்டிரைவில் இருப்பதை முழுவதும் இறக்கி, வேறொரு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, ஒவ்வொரு ஃபைலும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு போய்க் கேளுங்கள்.