ஹூஸ்டன் பஃபலோ பையூ பார்க் சிஸ்டர்ன்: பழைய தண்ணித் தொட்டிக்குள்ள ஒரு டூர்

போன சனிக்கிழமை நானும் வீட்டுக்காரியும் போயிட்டு வந்தோம். டவுன்டவுன் பக்கத்துல சபைன் ஸ்ட்ரீட்ல இருக்கு, மேல நின்னு பாத்தா வெறும் புல்தரைதான், பசங்க ஓடி விளையாடிட்டு இருக்காங்க, அதுக்கு அடியில ஒன்றரை அமெரிக்கன் ஃபுட்பால் கிரவுண்ட் அளவுக்கு ஒரு தொட்டி இருக்குன்னா யாரும் நம்ப மாட்டாங்க. 1926ல ஊருக்கு குடிதண்ணி குடுக்க கட்டினது, 1.5 கோடி கேலன் பிடிக்கும். லிட்டர்ல சொன்னா சுமார் 5 கோடியே 68 லட்சம், அதாவது 12,000 லிட்டர் தண்ணி லாரி சுமார் 4,700 வந்து ஊத்தினாதான் நிரம்பும்!

உள்ள போனதும் கண்ணு இருட்டுக்குப் பழக கொஞ்ச நேரம் ஆகுது. அப்புறம் வரிசை வரிசையா 221 கான்கிரீட் தூண், ஒவ்வொண்ணும் 25 அடி உசரம். தரையில சில இஞ்ச் தண்ணி மட்டும் விட்டு வச்சிருக்காங்க, அது அசையாம நிக்குறதால தூண் எல்லாம் கீழயும் இன்னொரு 25 அடி இறங்குற மாதிரியே தெரியுது, நான் கம்பியை கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். எங்கயோ ஒரு சொட்டு விழுந்து வட்டம் வட்டமா அலை போனப்பதான் ஆழம் இல்லன்னு மனசு ஒத்துக்கிச்சு. கைடு ஒரு தடவை கை தட்டினாரு, அந்த எதிரொலி அடங்க 17 செகண்ட் ஆகுமாம். அது ஓயுற வரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கல.

லைட்டையும் எக்கோவையும் மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, இது என்ன வேலை செஞ்சுதுன்னு யோசிச்சுப் பாருங்க. பம்ப் நாள் முழுக்க ஒரே சீரா ஓடும், ஆனா ஊரு காலையில மொத்தமா குழாயைத் திறக்கும், அந்த நேரத்துல கை குடுக்குறது இந்த மாதிரி தொட்டிதான். மூடி ஏன்னா, வெயில் பட்டா பாசி பிடிக்கும், குளோரின் போயிடும், தூசி, பறவை எச்சம் எல்லாம் விழும். வீட்டு சம்புக்கு மூடி போடுறோமே, அதே விஷயம்தான்.

இந்தத் தொட்டியை உபயோகிக்குறதை நிறுத்தினதுக்கு காரணம் ஒரு லீக். எங்கன்னே கண்டுபிடிக்க முடியல, சரி பண்ணவும் முடியல. இதைக் கேட்டதும் எனக்கு எங்க சென்னை வீடு ஞாபகம் வந்துடுச்சு. ஒரு கோடை முழுக்க எங்க சம்ப்ல ராத்திரிக்கு ஒரு இஞ்ச் இறங்கிட்டே இருந்துச்சு, அப்பா தினமும் சாக்பீஸ்ல கோடு போட்டு காலையில டார்ச் அடிச்சுப் பாப்பாரு, ரெண்டு கொத்தனார் வந்து பூசிட்டுப் போயும் நிக்கல. சின்ன சம்ப்புக்கே அந்தப் பாடுன்னா இங்க? போட்டோ அனுப்பினேன், அப்பா கேட்ட முதல் கேள்வி, "லீக் எந்தப் பக்கம்டா?"

அப்புறம் 2010ல பார்க் வேலை நடக்குறப்ப இது மறுபடி கண்ணுல பட்டு, இடிக்காம காப்பாத்தி 2016ல ஜனங்களுக்கு திறந்துட்டாங்க. இடிச்சிருந்தா நெஜமாவே பாவம்.

ஆன்லைன்ல முன்னாடியே டிக்கெட் போட்டுட்டு போங்க. இருட்டு பயம் இருக்குறவங்க யோசிச்சுக்கோங்க. என்னோட ரேட்டிங் 5க்கு 5, அடுத்த தடவை அப்பா வரும்போது கூட்டிட்டுப் போறேன்.