லேபிளில் 60, உள்ளே 20: மெமரி கார்டு வாங்குமுன் இதைப் படியுங்கள்

போன மாதம் அண்ணன் மகள் தொடர் ஓட்டப் போட்டியில் கடைசி ஆளாக ஓடினாள். அவள் கைக்குக் கோல் வந்ததுமே பொத்தானை அழுத்திப் பிடித்தேன். நொடிக்கு 10 படம் என்று சடசடவென எடுத்துக்கொண்டிருந்த கேமரா நாலே நொடியில் திணற ஆரம்பித்தது. ஒரு படம், நிறுத்தம், இன்னொரு படம், மறுபடி நிறுத்தம். அவள் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது என் கேமராவில் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. ஷட்டர் விழவே இல்லை.

மூச்சு வாங்க ஓடி வந்து, "அத்தை, நான் கோட்டைத் தாண்டினது வந்துச்சா?" என்று கேட்டாள். வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு படமும், அவள் நின்று திரும்பிப் பார்க்கிற ஒரு படமும்தான் இருந்தன.

இதற்குக் காரணம் கேமரா இல்லை, ஏமாற்றி விற்கப்பட்ட ஒரு மெமரி கார்டு. அதைக் கண்டுபிடிப்பதற்குள் இன்னொரு இடத்திலும் பணத்தை இழந்தேன். இரண்டையும் சொல்கிறேன், உங்களுக்காவது நடக்காமல் இருக்கட்டும்.

கார்டை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியிருந்தேன். 128 ஜிபி, மேலே வி60 என்ற குறி (நொடிக்குக் குறைந்தது 60 மெகாபைட் எழுதும் என்று பொருள்), பக்கத்தில் பெரிய எழுத்தில் 280 மெகாபைட் என்ற வேகம். விலை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பாதி விலைக்குக் கொடுத்திருந்தால் நிச்சயம் சந்தேகம் வந்திருக்கும். வந்ததும் கேமராவில் போட்டேன், 128 ஜிபி காட்டியது, வீட்டுக்குள் நாலு படம் எடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. தனித்தனியாக எடுக்கும்போது எந்தக் கார்டும் நன்றாகத்தான் இருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போட்டி முடிந்த மறுநாள் கேமராவைப் பழுது பார்க்கும் இடத்துக்குக் கொண்டு போனேன். மூன்று நாள் வைத்திருந்தார்கள். "பஃபரில் கோளாறு, மென்பொருளைப் புதுப்பித்து உள்ளே சுத்தம் செய்திருக்கிறோம்" என்று சொல்லிக் கட்டணம் வாங்கினார்கள். பஃபர் என்பது எடுத்த படங்கள் கார்டுக்குப் போகுமுன் தற்காலிகமாக நிற்கும் கேமரா நினைவகம். வீட்டுக்கு வந்து எடுத்தால் அதே திணறல். திரும்பப் போய், "வேறு கார்டு போட்டுச் சோதித்தீர்களா?" என்று கேட்டேன். "கார்டெல்லாம் உங்க பொறுப்பு மேடம்" என்றார் அங்கே இருந்தவர். வேகம் குறைகிறது என்று ஒருவர் வந்து நின்றால் முதலில் செய்ய வேண்டியது வேறு கார்டைப் போட்டுப் பார்ப்பதுதான். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமலேயே கட்டணம் வாங்கியதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

உண்மை தெரிந்தது ஒரு தோழியால். அவளுடைய வி60 கார்டை என் கேமராவில் போட்டு, பஃபர் நிரம்பும்வரை எடுத்துவிட்டு, சிவப்பு விளக்கு அணைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினோம். 20 நொடிகூட ஆகவில்லை. என் கார்டில் அதே சோதனை, கிட்டத்தட்ட ஒரு நிமிடம்.

கணக்கைப் பாருங்கள். என் கேமரா 24 மெகாபிக்சல், ஒரு ரா கோப்பு, அதாவது கேமரா பதப்படுத்தாமல் பதியும் மூலப் படம், சுமார் 28 மெகாபைட். நொடிக்கு 10 படம் என்றால் 280 மெகாபைட். இதை எந்த வி60 கார்டும் உடனுக்குடன் எழுதி முடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் படங்கள் முதலில் கேமராவுக்குள் இருக்கிற பஃபர் நினைவகத்தில் போய் நிற்கின்றன, அங்கிருந்து கார்டுக்கு இறங்குகின்றன. பஃபர் நிரம்பிவிட்டால், கார்டு ஒரு படத்தை எழுதி இடம் விட்டால்தான் அடுத்த படம் எடுக்க முடியும். நிற்கும் 40 படங்கள் என்றால் 1,120 மெகாபைட். நொடிக்கு 60 எழுதும் கார்டு 19 நொடிக்குள் முடித்துவிடும். 20 எழுதும் கார்டுக்கு 56 நொடி. அதற்குள் ஓட்டப் பந்தயமே முடிந்துவிடும்.

அப்புறம் தோழி என் கார்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் தங்க நிறத் தொடுமுனைகள் ஒரே ஒரு வரிசை. அவளுடைய கார்டில் இரண்டு வரிசை. வி60, வி90 குறிகள் யுஎச்எஸ்-2 என்ற வேகமான கார்டு வகையிலிருந்துதான் தொடங்குகின்றன, அந்த வகைக்கு இரண்டாவது வரிசை கட்டாயம் உண்டு. ஒற்றை வரிசைக் கார்டு யுஎச்எஸ்-1. அதன் தரநிலையின் உச்சமே நொடிக்கு 104 மெகாபைட். ஆக, ஒற்றை வரிசைக் கார்டில் வி60 என்று அச்சிட்டிருந்தால் அந்த லேபிளே பொய். ஆறு வாரமாக என் கையிலேயே இருந்த ஆதாரம் அது, திருப்பிப் பார்க்கத்தான் தெரியவில்லை.

விற்பனையாளருக்குப் படத்தோடு எழுதினேன். "கார்டு 128 ஜிபி காட்டுகிறதா? காட்டினால் அசல்தான்" என்று பதில் வந்தது. கார்டின் கொள்ளளவையும் வேகத்தையும் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளைக் கணினியில் ஓட்டினேன். கொள்ளளவு சரி, பிழை இல்லை, எழுதும் வேகம் 20-க்குப் பக்கம். அதை அனுப்பினால், "பிழை இல்லை என்று உங்கள் சோதனையே சொல்கிறதே, உங்கள் கார்டு ரீடர் மெதுவாக இருக்கும்" என்றார்கள். தொடுமுனை வரிசையைப் பற்றி மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. கடைசியில், திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்று முடித்துக்கொண்டார்கள்.

கொள்ளளவில் பொய் சொல்கிற போலிகளைப் பற்றிப் பலருக்கும் தெரியும். என்னுடையது கொள்ளளவில் உண்மை, வேகத்தில் பொய். பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற சோதனையில் இது மாட்டவே மாட்டாது.

அதனால் கார்டு வந்த அன்றைக்கே, திருப்பி அனுப்பும் காலம் இருக்கும்போதே, சோதித்துவிடுங்கள். முதலில் பின்பக்கம். அப்புறம் முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் எண்ணை விட்டுவிடுங்கள், அது பெரும்பாலும் படிக்கும் வேகம், அதுவும் 'அதிகபட்சம்' என்ற அடைமொழியோடு. நமக்கு வேண்டியது குறைந்தபட்ச எழுதும் வேகம். யு என்ற எழுத்துக்குள் 1 இருந்தால் நொடிக்கு 10 மெகாபைட், 3 இருந்தால் 30. வி30, வி60, வி90 என்றால் அந்த எண்ணேதான் உறுதி.

கேமராவில் சோதிக்க ரா மட்டும், மேனுவல் ஃபோகஸ், ஷட்டர் 1/500 என்று வைத்து, வேகம் குறையும்வரை அழுத்திப் பிடியுங்கள். விட்டபின் விளக்கு அணையும்வரை நொடிகளை எண்ணுங்கள். நம்பகமான இன்னொரு கார்டோடு ஒப்பிட்டால் போதும். கணினியில் சோதித்தால் ரீடரையும் கவனியுங்கள். யுஎஸ்பி 2.0 ரீடரில் நல்ல கார்டுகூட 40-ஐத் தாண்டாது, விற்றவர் அதையே சாக்காகச் சொல்வார்.

கார்டைக் குறை சொல்லுமுன் ஒன்றையும் பார்த்துவிடுங்கள். இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டிலும் ஒரே படம் பதிவாகும்படி வைத்திருந்தால், மெதுவான கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். சில கேமராக்களில் ஒரு இடம் மட்டுமே யுஎச்எஸ்-2. ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுத்தாலும் எழுத வேண்டியது கூடும். இழப்பில்லாமல் சுருக்கும் ரா வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், கோப்பு நன்றாகச் சிறுத்துவிடும். விளக்கு எரியும்போது மட்டும் எந்த அவசரத்திலும் மூடியைத் திறக்காதீர்கள், பஃபரில் நிற்கும் படங்கள் போய்விடக்கூடும்.

விற்பனைத் தளத்தில் புகார் பதிந்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அதே கார்டு அதே படத்தோடு இன்றும் விற்பனையில் இருக்கிறது. முன்பக்கப் படம் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். என்னிடம் இருக்கும் கார்டில் 'வேகம் 20' என்று தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் வேறு யாரும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. அடுத்த போட்டிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, புதுக் கார்டை ஏற்கெனவே மூன்று முறை சோதித்துவிட்டேன்.