சுவரில் எந்த ஜப்பான்? மூன்று பழைய வரைபடங்களும் ஒரு புதிய போஸ்டரும்

ஜப்பானின் வரலாற்றைச் சொல்லும் வரைபடம் ஒன்றை வரவேற்பறையில் மாட்ட விரும்புகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இக்காலத்தவர் வடிவமைத்த போஸ்டர். மற்றது, எடோ காலத்தில் (1603–1868) அந்த நாட்டிலேயே உருவான வரைபடத்தின் நகல். இரண்டாவது வழியில் இறங்கினால் மூன்று பெயர்கள் அடிக்கடி எதிர்ப்படும்: இஷிகாவா ரியூசென், நாகாகுபோ செகிசுய், இனோ தடதாகா.

போஸ்டரை முதலில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு நிறம், போர் நடந்த இடங்களில் குறுக்கு வாள், மூலையில் கவசம் பூண்ட ஒரு சாமுராய். பார்க்க அழகுதான். ஆனால் 1560-இல் நடந்த ஓகெஹசாமா போரையும் 1600-இல் நடந்த செகிகஹாரா போரையும் ஒரே நிறப்பங்கீட்டின் மேல் குறித்துவிடுவார்கள். அந்த நாற்பது ஆண்டுகளில் எல்லைகள் தலைகீழாக மாறிவிட்டன. பின்னாளில் ஷோகுனாகி (ராணுவ ஆட்சியாளராகி) நாட்டை ஆண்ட டோகுகாவா இயெயாசு, 1590-இல் சொந்த மண்ணான மிகாவாவை விட்டு எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) அனுப்பப்பட்டார். போஸ்டரில் அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்தால், எந்த ஆண்டின் வரைபடம் என்பது தெரிந்துவிடும். ஹோக்கைடோவும் ஒகினாவாவும் மற்றத் தீவுகளைப் போலவே நிறம் பெற்றிருந்தால் வாங்காதீர்கள். வடக்குத் தீவுக்கு ஹோக்கைடோ என்ற பெயரே 1869-இல்தான் வந்தது. தெற்கே ரியூக்யூ 1879 வரை ஓர் அரசு. 1609-இல் தென் ஜப்பானின் சட்சுமா பிரபு படையெடுத்து அடக்கிய பிறகும் அதற்குத் தனி மன்னர் இருந்தார்.

ரியூசென் நில அளவையாளர் அல்லர், உகியோ-எ எனும் மர அச்சுப் பாணி ஓவியர். 1687-இல் அவர் வெளியிட்ட வரைபடமும் அதைத் தொடர்ந்து வந்த பெரிய பதிப்புகளும் ஏறத்தாழ நூறாண்டுகள் சந்தையை ஆண்டன. அவருடைய ஜப்பான் உப்பிப் பருத்துக் கிடக்கிறது. முதன்மைத் தீவான ஹோன்ஷூவின் வளைவு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். காரணம் எளிது: சாலைகளுக்கும் பெயர்களுக்கும் இடம் வேண்டும், அதற்காக நிலத்தை இழுத்துவிட்டார். டோக்காய்டோ சாலையின் தங்குமிடங்கள், கோட்டை நகரங்கள், ஒவ்வொரு டைம்யோவின் (நிலப்பிரபுவின்) பெயர், அவருக்கு வரும் அரிசி வருவாய் எல்லாம் அதில் உண்டு. வருவாய் கோகு கணக்கில் இருக்கும். ஒரு கோகு என்பது ஒருவர் ஓராண்டு உண்ணும் அரிசி என்று தோராயமாகக் கொள்வார்கள். 1635 முதல் டைம்யோக்கள் முறைவைத்து எடோவுக்கு வந்து தங்க வேண்டும் என்பது சட்டம். அப்படி ஊர்வலமாகப் போனவர்களின் வழியும் தகுதியும் இந்த ஒரு தாளில் அடங்கியிருக்கின்றன. பிரபுக்கள் இடம் மாற்றப்பட்டால் அடுத்தடுத்த பதிப்புகளில் பெயர்களும் மாறும். தெற்குக் கடலில் ராட்சசிகள் வாழும் ஒரு தீவையும் வரைந்திருக்கிறார். பழைய பௌத்தக் கதைகளிலிருந்து வந்த தீவு அது. இலங்கையை ராட்சசிகளின் தீவாகச் சொல்லும் அதே கதை மரபு கிழக்கே கடல் கடந்து போய் இப்படி ஒதுங்கியிருக்கிறது.

செகிசுய் இதற்கு நேர் எதிர். மிதோ பகுதியைச் சேர்ந்த அறிஞர். தாமாக நாட்டை அளக்காமல், கிடைத்த ஏடுகளையும் பயணிகளின் குறிப்புகளையும் ஒப்பிட்டு 1779-இல் வரைபடத்தை முடித்தார். அச்சான ஜப்பானிய வரைபடங்களில் அட்சரேகை முதலில் வந்தது இதில்தான். நாட்டின் வடிவம் இன்றைய கண்ணுக்கும் உறுத்தாது. மாகாணங்களுக்குத் தனித்தனி நிறம். அளவுத்திட்டம் சுமார் 13 லட்சத்துக்கு ஒன்று என்பதால் மூல அளவிலேயே ஒரு சுவரில் அடங்கிவிடும். வடக்குத் தீவின் தென்முனை மட்டுமே எட்டிப்பார்க்கிறது, ரியூக்யூ இல்லை. கொரிய நண்பர் வீட்டுக்கு வந்தால் அவர் கண் நேரே மேற்குக் கடலுக்குப் போகும். அங்குள்ள டகேஷிமா தீவு (கொரியர்களுக்கு டொக்டோ) தங்களுடையது என்பதற்கு ஜப்பான் அரசு இந்த வரைபடத்தைக் காட்டுகிறது. அங்கே உள்ள தீவுகளுக்கு நிறமே தீட்டப்படவில்லையே என்று கொரியத் தரப்பு மறுக்கிறது. எந்தப் பதிப்பின் நகல் உங்கள் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தப் பேச்சு நீளலாம்.

இனோவின் கதைக்கு ஈடில்லை. சாவாராவில் மது வடிப்புத் தொழில் நடத்திய வணிகர், பொறுப்பை மகனிடம் விட்டுவிட்டு வானியல் கற்று, 1800-இல் 55 வயதில் கடற்கரையை அளக்கத் தொடங்கினார். 1818-இல் இறந்தார், 1821-இல் வரைபடம் முடியும்வரை சீடர்கள் அவருடைய மரணத்தை வெளியே சொல்லவில்லை. ஷோகுன் அரசு வரைபடத்தை ரகசியமாக வைத்தது. அதன் நகலை ஜெர்மானிய மருத்துவர் ஸீபோல்ட் பெற்றது 1828-இல் அம்பலமாகி, கொடுத்த அதிகாரி தகாஹாஷி காகெயாசு சிறையிலேயே மடிந்தார். மூலப் படிகள் 1873 தீயிலும் 1923 நிலநடுக்கத்திலும் அழிந்தன. வெவ்வேறு அளவுகளில் வரைந்தவற்றுள் பெரிய வரைபடத்தின் 214 தாள்களில் 207-இன் நகல்கள் 2001-இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் கிடைத்தன.

ஆனால் இந்தக் கதை முழுக்க வரைபடத்துக்கு வெளியே இருக்கிறது. உள்ளே இருப்பவை கடற்கரை, அளந்துபோன வழியைக் காட்டும் சிவப்புக் கோடு, பூ வடிவத் திசைகாட்டிச் சின்னங்கள், சில மலைகள். உள்நாட்டின் பெரும்பகுதி வெற்றுத் தாள். பக்கத்தில் நின்று நீங்கள்தான் விளக்க வேண்டும். அளவும் ஒரு தொல்லை. பெரிய வரைபடத்தின் தாள்களைச் சேர்த்து வைத்தால் விளையாட்டரங்கத் தரை வேண்டும். மூன்றே தாளான சிறிய வரைபடத்தில்கூட ஹோன்ஷூ மட்டும் ஏறத்தாழ மூன்று மீட்டர். சுருக்கி அச்சிட்டால் ஊர்ப்பெயர்கள் புள்ளிகளாகிவிடும். கடற்கரைக் கோட்டின் துல்லியத்தை மட்டுமே ரசிப்பவர், ஒரு பகுதியின் தாளை மட்டும் எடுத்துச் சட்டமிடலாம். அது மிக அழகாக இருக்கும்.

என் சுவரில் ரியூசென். வரலாற்றுக்காக மாட்டுகிறோம் என்றால், அந்தக் காலத்தவர் எதை அறிய விரும்பினார்களோ அது எழுதப்பட்ட தாள்தான் வேண்டும். வடிவம் பிசகாக இருப்பது பொறுக்காதவருக்குச் செகிசுய். ரியூசென் வாங்குபவர் ஒன்றை எதிர்பார்த்தே வாங்க வேண்டும்: அக்காலப் பெரிய வரைபடங்கள் பாயில் விரித்து நாலாபுறமும் உட்கார்ந்து பார்ப்பதற்கானவை. ஆகவே சுவரில் தொங்கும்போது எழுத்துகளில் ஒரு பகுதி தலைகீழாகத் தெரியும். அச்சுப்பிழை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

நகலைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானின் தேசிய டயட் (நாடாளுமன்ற) நூலகமும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகமும் இவ்வகை வரைபடங்களை உயர்தரப் படங்களாக இணையத்தில் வைத்திருக்கின்றன. பயன்பாட்டு விதியைப் படித்துவிட்டு, பளபளப்பில்லாத தாளில் மூல அளவிலேயே அச்சிடச் சொல்லுங்கள். மடிப்புக் கோடுகளையும் பூச்சி அரித்த ஓட்டைகளையும் கணினியில் அழித்துத் தருகிறேன் என்பார் அச்சகத்தார். மறுத்துவிடுங்கள், ஓட்டையோடு சேர்த்துப் பக்கத்துக் குக்கிராமத்தையும் அழித்துவிடுவார்.