வண்ண மாவா, கீரைச் செடியா, துணியில் ஆடுபுலியா: தோழியின் பிறந்தநாளுக்குக் கையால் செய்த பரிசுகள்

என் மகளுக்கு எட்டு வயது. எங்கள் அடுக்ககத்தில் அவள் வயதை ஒட்டிய பிள்ளைகள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். வகுப்புத் தோழிகளையும் சேர்த்துக்கொண்டால், மாதம் தவறாமல் யாராவது ஒருவருக்குப் பிறந்தநாள் வந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால், பரிசுகளை வீட்டிலேயே செய்வது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் முடிவெடுத்தோம். வண்ண மாவு, கொட்டாங்குச்சியில் கீரைச் செடி, கையால் தைத்த கதைப் புத்தகம், துணியில் தைத்த ஆடுபுலி ஆட்டம் என நான்கு வகை இதுவரை செய்து கொடுத்திருக்கிறோம். கடைசியில் சொன்னதின் பக்கமே என் மனம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. நான்கில் எதற்கும் எங்களுக்கு நூறு ரூபாயை எட்டவில்லை. வீட்டில் செய்த இனிப்பை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கேக்கும் இனிப்பும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் வீட்டுக்கு மேலும் ஒரு டப்பா லட்டைக் கொண்டுபோவதில் பொருளில்லை என்பது ஒருபுறமிருக்க, எந்தக் குழந்தைக்கு வேர்க்கடலையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாது என்பதும் நமக்குத் தெரிந்திருக்காது.

மிஞ்சியவற்றுள் தேர்ந்தெடுக்கும்போது, முதல் ஆண்டில் குழந்தை எதைக் கண்டு குதிக்கும் என்று மட்டுமே பார்த்தேன். இப்போது நான் முதலில் பார்ப்பது வேறு: கொடுத்த மறுநாளிலிருந்து அந்தப் பொருளுக்காக அந்த வீட்டில் யார் உழைக்க வேண்டியிருக்கும்? பரிசு குழந்தைக்குப் போகிறது, அதன் பராமரிப்போ பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை வண்ண மாவும் செடியும்தான்.

பிள்ளைகள் 'க்ளே' என்று சொல்லும் வண்ண மாவைச் செய்வது எளிது. இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை தூள் உப்பு, இரண்டு கோப்பை தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், அதே அளவு எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து, கொழுக்கட்டைக்கு மாவு கிளறுவது போலச் சிறுதீயில் சுருளக் கிளறி, ஆறியதும் பிசைந்து நிறம் சேர்த்தால் முடிந்தது. கொடுத்த அன்று இதற்குக் கிடைக்கும் வரவேற்பு வேறு எதற்கும் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டாம் நாளே ஐந்து நிறங்களும் ஒன்றாகிச் சாணி நிறத்துக்கு வந்துவிடும். உப்பு ஈரத்தை இழுப்பதால் ஐப்பசி மழையில் மாவு கசகசத்துப் போகும். மூடியைத் திறந்து வைத்துவிட்டாலோ வறண்டு பொடிப்பொடியாக உதிரும். நாங்கள் கொடுத்த மாவு மூன்றாம் வாரத்தில் பூசணம் பிடித்ததையும், கட்டில் விரிப்பில் ஒட்டியதைச் சுரண்ட அரை நாள் ஆனதையும் அந்தத் தோழியின் தாய் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், இருந்தாலும் எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நாய் வளர்க்கும் வீடாக இருந்தால் இதைக் கொடுக்கவே கூடாது. இத்தனை உப்புள்ள மாவு நாயின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

செடியின் கதை வேறு. கொட்டாங்குச்சியின் மூன்று கண்களில் மென்மையான ஒன்றைக் குத்தித் திறந்துவிட்டால் தண்ணீர் வடிய வழி கிடைத்துவிடும். மண் நிரப்பி, இரவு முழுவதும் ஊறிய வெந்தயத்தைத் தூவினால் மூன்று நான்கு நாள்களில் முளை தலைகாட்டுகிறது. குழந்தையின் பொறுமைக்கு இதைவிட ஏற்ற விதை இல்லை. ஆனால் அந்தப் பிறந்தநாள் சித்திரையில் வந்தது. அடுத்த வாரமே அந்தக் குடும்பம் விடுமுறைக்கு ஊருக்குப் போனது, திரும்பி வந்தபோது செடி காய்ந்து கிடந்தது. 'நீங்கள் ஆசையாகக் கொடுத்ததைக் காப்பாற்ற முடியவில்லை, தப்பாக நினைக்காதீர்கள்' என்று அந்தத் தாய் என்னிடம் வருத்தம் தெரிவித்தார். பரிசு பெற்றவரே மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவிடும் பரிசு என்ன பரிசு என்று அன்று தோன்றியது. தோட்டமுள்ள வீட்டுக்கு, ஆடி மாதம் போன்ற விதைப்புக் காலத்தில் கொடுத்திருந்தால் என் தீர்ப்பு மாறியிருக்கலாம்.

கதைப் புத்தகத்துக்குப் பராமரிப்பே தேவையில்லை, அந்த அளவில் அது ஆடுபுலியையும் வென்றுவிடும். எட்டுத் தாள்களைக் குறுக்கே மடித்தால் 32 பக்கம் வருகிறது. மடிப்பில் மூன்று துளையிட்டுத் தடித்த நூலால் தைத்து, பிறந்தநாள் காணும் குழந்தையையே கதைத்தலைவியாக்கி, படங்களை என் மகளே வரைந்தாள். ஒரே ஒரு புத்தகம்தான் செய்திருக்கிறோம் என்பதால் இதைப் பற்றி அடித்துப் பேச என்னிடம் அனுபவம் போதாது. நான் பார்த்தவரையில், அந்தக் குழந்தை இரண்டு முறை படித்ததும் அவள் தாய் அதை வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டார். நினைவுப்பொருளாக அதற்கு ஈடில்லை. விளையாடுவதற்கு ஏதாவது வேண்டும் என்று எதிர்பார்க்கும் எட்டு வயதுக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி.

இனி ஆடுபுலிக்கு வருகிறேன். கோயில் மண்டபத் தரைக்கல்லில் பழைய ஆட்டக் கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முக்கோணமும் அதன் குறுக்கே கோடுகளுமாக இருப்பதுதான் ஆடுபுலி. அதைத் துணிக்குக் கொண்டுவருவது கடினமில்லை. உச்சிப் புள்ளி ஒன்றிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து கீழே இறங்கும். அவற்றைக் குறுக்கே வெட்டும் மூன்று கோடுகள் இருபுறமும் முக்கோணத்துக்கு வெளியே நீளும், ஒவ்வொரு புறத்து முனைகளையும் மேலிருந்து கீழாக ஒரு கோடு இணைக்கும். அடியில் ஒரு கோடு நான்கு கால்களையும் சேர்க்கும். உச்சியில் 1, குறுக்குக் கோடுகள் ஒவ்வொன்றிலும் 6 வீதம் 18, அடியில் 4 என்று எண்ணிப் பார்த்து 23 புள்ளிகள் வந்தால் வரைந்தது சரி. புலி 3, ஆடு 15. பதினைந்து ஆடுகளும் களத்தில் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது என்ற விதியை மட்டும் பிள்ளைகளுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். எத்தனை ஆட்டை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பதில் ஊருக்கு ஊர் கணக்கு மாறுவதால், நாங்கள் ஐந்து என்று வைத்துக்கொண்டு, விதிகளை மகள் தன் கையெழுத்திலேயே ஒரு தாளில் எழுதி உள்ளே வைக்கிறாள்.

துணியைச் சதுரமாக வெட்டாமல் 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக வெட்டுவதில்தான் இதன் முழுப் பயனும் இருக்கிறது. ஓரத்தை மடித்துத் தைத்து உள்ளே நாடா கோத்துவிட்டால், விரித்தபோது ஆட்டக்களமாகவும், நாடாவை இழுத்தபோது பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையாகவும் ஆகிவிடுகிறது. ஆட்டம் முடிந்ததும் காய்களைப் பொறுக்கி டப்பாவில் போட வேண்டியதில்லை. துணியில் கிடக்கும்போதே நாடாவை இழுத்தால் அனைத்தும் உள்ளே போய்விடும். எடுத்து வைக்கச் சொல்லி யாரும் குரல் உயர்த்தாமலேயே என் மகள் எடுத்து வைக்கும் ஒரே விளையாட்டுப் பொருள் இதுதான்.

நான் பராமரிப்பு என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் காய்கள். கடையில் வாங்கும் பலகை ஆட்டங்களில் ஒரு காய் சோபாவுக்கு அடியில் போய்விட்டால் பெட்டியே பரணுக்குப் போய்விடுகிறது. இங்கே ஆடு என்பது புளியங்கொட்டை. ஒன்று தொலைந்தால் அந்தக் குழந்தையே புளி டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கழுவிப் போட்டுக்கொள்ளும். புலிக்குப் பழைய கோட்டின் பெரிய பொத்தான்கள் மூன்று போதும், அவையும் தொலைந்தால் கூழாங்கல்லே புலியாகிவிடும். அழுக்கானால் காய்களைக் கொட்டிவிட்டுத் துணியைத் துவைத்துக்கொள்ளலாம். பரிசு கொடுத்து ஒன்றரை ஆண்டு ஆன வீட்டில், முதலில் வைத்த 15 கொட்டைகளில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை, ஆட்டம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

செய்யும்போது பட்ட அடிகளையும் சொல்ல வேண்டும். முதல் துணியில் கோடுகளை ஸ்கெட்ச் பேனாவால் போட்டேன், முதல் துவைப்பிலேயே மை பரவிவிட்டது. இரண்டாவதில் சிவப்பு நூலால் சங்கிலித் தையல் போட்டேன். நூல் சாயம் விட்டு வேட்டித் துணி முழுவதும் இளஞ்சிவப்பானது. இப்போதெல்லாம் நூலை முன்னதாகவே ஈரத்துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தைக்கிறேன். புளியங்கொட்டையைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, வெறும் வாணலியில் இலேசாகச் சூடு காட்டாவிட்டால் வண்டு துளைத்துவிடும். சூடு கூடினாலோ தோல் உரிந்துவிடும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியையோ ஆமணக்கு விதையையோ காயாக வைத்துவிடாதீர்கள். மென்று விழுங்கினால் இரண்டுமே கடும் நஞ்சு.

பல்லாங்குழியையும் முயன்றேன். பதினான்கு குழிகள் ஏழேழாக இரண்டு வரிசையில் வேண்டும், முப்பது முட்டை அட்டையோ ஐந்துக்கு ஆறாக இருக்கிறது. வெட்டி ஒட்டிய இடம் ஒரே வாரத்தில் பிரிந்ததால் அதைக் கைவிட்டேன்.

ஆடுபுலிக்கும் குறைகள் உண்டு. கையால் தைப்பதற்கு எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் முழுதாகப் போகின்றன. அந்த நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் இது மலிவான பரிசு அல்ல. விளையாட இன்னொருவர் வேண்டும், ஆகவே ஒற்றைப் பிள்ளையாக இருந்து பெற்றோரும் இரவில் வீடு திரும்பும் குழந்தைக்கு வண்ண மாவே மேலாக இருக்கக்கூடும். ஆறிலிருந்து ஒன்பது வயது வரையிலான ஐந்து பிள்ளைகளுக்குத்தான் நான் கொடுத்திருக்கிறேன். கைப்பேசி விளையாட்டில் ஊறிய பதின்மூன்று வயதுக்காரர் இதைக் கையால் தொடுவாரா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இது ஆகாது. கொட்டை தொண்டையில் சிக்கிக்கொள்ளும் வயது அது. அடுத்த மாதம் எதிர்வீட்டுக் குழந்தைக்கு இரண்டு வயது நிறைகிறது, அதற்காகப் பழைய பருத்திப் புடவையில் யானைப் பொம்மை ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன். கண்ணுக்குப் பொத்தான் வைக்கலாம் என்று மகள் சொன்னாள்; பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் என்பதால், கறுப்பு நூலிலேயே இரண்டு கண்களையும் தைக்கப் போகிறோம்.