231 ஸ்கோர், 4,200 டாலர், ஒரு உதவாத கடிதம்: எமர்ஜென்சி மெடிசினுக்கு விண்ணப்பிப்பவர்கள் கவனிக்கவும்

அமெரிக்காவில் டாக்டராக எழுத வேண்டிய லைசென்ஸ் தேர்வுகளில் இரண்டாவதான ஸ்டெப் 2 சிகேயில் என் ஸ்கோர் 231. அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் துறைப் பயிற்சிக்கு, அது சராசரிக்குக் கீழேதான். 2022 ஜனவரியிலிருந்து ஸ்டெப் 1 வெறும் பாஸ், ஃபெயில் ஆகிவிட்டதால் எல்லார் கண்ணும் இந்த ஒரு எண்ணில்தான் விழுகிறது. அந்தப் பயத்தைக் காசாக்கும் ஒரு ஆன்லைன் கன்சல்டன்சியிடம் 4,200 டாலரைப் பறிகொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வீடியோ காலில் பேசிய அட்வைசர் ஸ்கோரைப் பார்த்து முகம்கூடச் சுளிக்கவில்லை. "நல்ல ஸ்லோ இருந்தா இதையெல்லாம் தாண்டிடலாம் டாக்டர்" என்றார். அது பொய்யில்லை, அதனால்தான் நம்பினேன். எமர்ஜென்சி மெடிசினில் ஸ்லோ (SLOE) என்கிற, அந்தத் துறைக்கே உரிய மதிப்பீட்டுக் கடிதத்துக்கு அவ்வளவு எடை உண்டு. கூடவே ரொட்டேஷன் (சில வாரங்கள் ஒரு மருத்துவத் துறையில் செய்யும் நேரடிப் பயிற்சி) செய்தவர்களோடு ஒப்பிட்டு நம்மை எந்த இடத்தில் வைப்பார்கள் என்றே அதில் கேட்கிறார்கள். காலிப் படிவத்தைத் திரையில் காட்டி, மேல் மூன்றில் ஒரு பங்கு என்ற கட்டத்தில் கர்சரை நிறுத்தி, "உங்களுக்கு டிக் இங்கதான் வரும்" என்றார். அவர்கள் ஏற்பாடு செய்யும் ரொட்டேஷனுக்காக அன்றைக்கே பணம் அனுப்பினேன்.

போய்ப் பார்த்தால் அது ஒரு அர்ஜென்ட் கேர் கிளினிக். ஆம்புலன்ஸ் வராது, ரெசிடென்ட் ஒருவர்கூடக் கிடையாது. தொண்டை ஸ்வாப் எடுப்பதையும் தையல் பிரிப்பதையும் பின்னால் நின்று பார்த்தேன். கடைசியில் வந்தது யாருக்கும் பொருந்துகிற ஒரு சாதாரணக் கடிதம். ஸ்லோ எங்கே என்று கேட்டால் முதலில் "டாக்டர் ஷிப்டில் இருக்கார்", அப்புறம் "போர்ட்டல் பிரச்சினை". 4,200 டாலரைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறிவிட்டது: "உங்க ஸ்கோருக்கு இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கிறீங்க?" ஸ்கோரைத் தாண்டலாம் என்று சொல்லித்தானே பணம் வாங்கினீர்கள்! அதற்குப் பிறகு பதிலே இல்லை.

குறைந்த ஸ்கோரோடு எப்படி விண்ணப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். ரொட்டேஷன் நடக்கும் இடத்தில் எமர்ஜென்சி மெடிசின் ரெசிடென்சி இருக்கிறதா என்று, ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏசிஜிஎம்இ (ACGME) தளத்தில் நீங்களே தேடுங்கள். அந்தத் துறைக்கு நேரடியாக மெயில் போட்டு, வெளிநாட்டில் படித்தவர்களுக்கு ஸ்லோ தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்லோவில் என்ன டிக் விழும் என்று முன்கூட்டியே உறுதி தருகிறவர் யாராக இருந்தாலும் உடனே ஃபோனை கட் செய்யுங்கள். வயர் டிரான்ஸ்ஃபர் மட்டும்தான் என்றால் வேண்டவே வேண்டாம். என் 4,200 டாலர் அப்படிப் போனதால் பேங்கும் கையை விரித்துவிட்டது.