ஊட்டி டபிள்யூ.வி.எஸ்.: தெருநாய்க்கு ஊசி, டாக்டருக்குப் பாடம்

ஊட்டிக்கு வருகிறவர்கள் ஏரி, தொட்டபெட்டா, சாக்லேட் கடை என்று எல்லாவற்றுக்கும் ரிவ்யூ எழுதிவிட்டார்கள். தெருநாய்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தைப் பற்றி யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால் இது.

டபிள்யூ.வி.எஸ். என்றால் வேர்ல்ட்வைட் வெட்டரினரி சர்வீஸ். லூக் கேம்பிள் என்ற இங்கிலாந்து கால்நடை மருத்துவர் 2003-இல் ஆரம்பித்தது. 2010-இலிருந்து ஊட்டியில் கால்நடை மருத்துவர்களுக்கு இவர்கள் நடத்தும் பயிற்சி மையம் இருக்கிறது, 2013-இல் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் ‘மிஷன் ரேபிஸ்’ என்ற இயக்கத்தையும் தொடங்கினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்துதான் மலையில் இந்த வேலையே ஆரம்பமானது என்று நினைக்க வேண்டாம். மனிதர்களுக்கு வெறிநாய்க்கடி சிகிச்சை தர ஆரம்பித்த குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-இலிருந்தே இருக்கிறது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் அப்போதைய வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் கொடுத்த பணத்தில் ஒரு லட்சம் ரூபாய் அதற்குப் போனது என்பார்கள், அந்தக் காலத்து ஒரு லட்சம்! மசினகுடிப் பக்கம் மாவனல்லாவில் ஐபேன் அமைப்பும் கைவிடப்பட்ட கழுதை, குதிரை, மாடுகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறது. மனிதருக்கு மருந்து குன்னூரில், நாய்க்கு ஊசி ஊட்டியில் என்று ஒரே மாவட்டத்துக்குள் இரண்டும் அமைந்துவிட்டது எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, வேலை எப்படி? தெருவில் அவர்களைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வலைதான். நாயை விரட்டி அடித்துப் பிடிப்பதில்லை, இரண்டு மூன்று பேர் வளைத்து, வலையைப் போட்டு, அங்கேயே ஊசி போட்டு விட்டுவிடுகிறார்கள், எந்தத் தெருவில் எத்தனை நாய் என்பது ஃபோனில் உள்ள செயலியில் பதிவாகிவிடும். கருத்தடைக்கு மட்டும்தான் வண்டியில் ஏற்றிப் போவது. ஆபரேஷன் முடிந்ததற்கு அடையாளமாகக் காதில் ஒரு சின்ன வெட்டு.

“கொண்டுபோன நாயை ஏன்பா திரும்ப இங்கேயே விடுறீங்க?” என்று எங்கள் தெரு பெரியவர் ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஓட்டல் கழிவும் இறைச்சிக் கடைக் குப்பையும் அப்படியே கிடக்கும்போது இந்த நாய் போனால் ஊசி போடாத வேறொரு நாய் அந்த இடத்துக்கு வரும். பிடித்த இடத்திலேயே விடுவதுதான் 2001-இல் வந்து 2023-இல் மாற்றி எழுதப்பட்ட நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை. ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது ஊசி போட்டிருந்தால் ரேபிஸ் பரவுவது அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

இனி, பலர் முகம் சுளிக்கும் விஷயம். இங்கே கருத்தடை செய்வது பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களும்தான், பக்கத்தில் அனுபவஸ்தர் நின்று பார்த்துக்கொள்ள. “ஏழை நாய்னா கத்துக்குட்டி டாக்டரா?” என்று கேட்பவர்களுக்கு என் பதில், இதுதான் இந்த இடத்தின் பெரிய பலம். கல்லூரியில் புத்தகம் முடிக்கலாம், கை பழக ஆபரேஷன் டேபிளில்தான் நிற்க வேண்டும். சின்னக் கீறல், கட்டுப்பாடான மயக்க மருந்து, அப்புறம் வலிக்கு மருந்து என்று இங்கே பழகியவர் ஊருக்குப் போய் அதையேதான் செய்வார். இவர்கள் வெறும் ஆஸ்பத்திரியாக இருந்திருந்தால் பலன் ஊட்டியோடு நின்றிருக்கும். நகரத்துத் தனியார் கிளினிக் ஒன்றில் எங்கள் தெருநாய்க்குத் தையல் போட்டுவிட்டு, வலி மருந்து எதற்கு, தெருநாய்தானே என்று கேட்டார்கள் (பில்லில் மட்டும் தெருநாய் என்று குறைக்கவில்லை). அங்கே போய்வந்த பிறகுதான் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது.

போகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டு போங்கள். இது உங்கள் வீட்டு லாப்ரடாருக்கு முடிவெட்டும் இடமில்லை, வீடு மாறும்போது நாயை விட்டுவிட்டுப் போகும் இடமும் இல்லை. சீசன் முடிந்ததும் குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைக்கும் புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் உண்டு, மழையும் குளிரும் சிறுத்தையும் உள்ள மலையில் அது கொலைக்குச் சமம்.

நாய் கடித்துவிட்டால் முதலில் இவர்களைக் கூப்பிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம், தவணை ஒன்றைக்கூட விடக்கூடாது. நாயைப் பற்றிச் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்.